குவாசார்கள் உண்மையிலேயே அசையாதவையா? வானத்தின் எல்லைக்கற்கள் குறித்து

கேள்வி: 6 ஜனவரி 2024
விண்மீன்கள் அனைத்தும் நகர்கின்றன என்று படித்தேன். பூமியும் சுற்றுகிறது, ஆடுகிறது, சாய்கிறது. அப்படியானால் எதை நிலையானதாகக் கொண்டு இவற்றையெல்லாம் அளக்கிறார்கள்? பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள குவாசார்களை வைத்து அளப்பதாகவும், அவை அசைவதே இல்லை என்றும் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அசையாத பொருள் என்று ஒன்று பிரபஞ்சத்தில் இருக்க முடியுமா? எனக்கு இது கண்கட்டு வித்தையாகத் தோன்றுகிறது.

6 ஜனவரி 2024, மாலை
நான் வானியலாளன் அல்லன். முப்பத்தோரு ஆண்டுகள் நில அளவைத் துறையில் இருந்தவன். சங்கிலி பிடித்துத் தொடங்கி, தியோடலைட்டில் பழகி, டோட்டல் ஸ்டேஷனில் ஓய்வு பெற்றேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது என் தொழிலின் கேள்வி. எல்லைக்கல் நகர்ந்துவிட்டால் எதை வைத்து அளப்பது?

விண்மீன்கள் நகர்வது புதிய செய்தி அன்று. பழங்காலப் பட்டியல்களில் இருந்த இடத்தில் சுவாதி முதலிய சில விண்மீன்கள் இப்போது இல்லை என்பதை எட்மண்ட் ஹாலி 1718-இலேயே கண்டறிந்தார். பர்னார்டு விண்மீன் ஆண்டுக்கு 10.3 விகலை நகர்கிறது. ஒரு பாகையில் 3,600 விகலைகள் உண்டு என்பதால் இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் மில்லி விகலை கணக்கில் வேலை செய்பவனுக்கு அது கண்ணெதிரே ஓடும் ஆடு. 1988-இல் வெளியான எஃப்.கே.5 என்ற பட்டியல் 1,535 விண்மீன்களின் இடத்தையும் ஓட்டத்தையும் சேர்த்தே தந்தது. ஓட்டத்தின் மதிப்பில் சிறு பிழை இருந்தால்கூட ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பிழை வட்டியோடு வளரும்.

குவாசாரின் கதை வேறு. குவாசார் என்பது மிகத் தொலைவில் உள்ள ஒரு விண்மீன்திரளின் நடுவே, பெரிய கருந்துளையைச் சுற்றி ஒளிரும் மையம். 300 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒரு பொருள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் குறுக்காக ஓடினாலும், நம் கண்ணுக்கு அது ஆண்டுக்கு ஒரு மைக்ரோ விகலையில் கால் பங்குகூட நகராது. ஒரு மைக்ரோ விகலை என்பது விகலையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே நண்பர் சொன்னது நடைமுறையில் சரிதான்: அசைவு உண்டு, ஆனால் தொலைவு அதை விழுங்கிவிடுகிறது. இன்றைய குறிப்பாயத்தில், அதாவது வானில் திசை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் சட்டகத்தில், மிக நன்றாக அளக்கப்பட்ட மூலங்களின் (குவாசார் போன்ற ரேடியோ பொருள்களின்) இடத்திலேயே ஏறத்தாழ 30 மைக்ரோ விகலை ஐயம் இருக்கிறது. அது நிலவின் மேல் வைத்த 5.6 மில்லிமீட்டர் பொருளை இங்கிருந்து பார்க்கும் கோணம்.

7 ஜனவரி 2024
அளக்கும் முறையைச் சொல்லாமல் துல்லியத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

முறையின் பெயர் வி.எல்.பி.ஐ. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் ஒரே குவாசாரைப் பார்க்கின்றன. அவற்றுக்கு வருவது படம் அன்று, வெறும் இரைச்சல். அந்த இரைச்சலை ஹைட்ரஜன் மேசர் என்ற மிகத் துல்லியமான அணுக்கடிகாரத்தின் நேரக்குறியோடு பதிவு செய்து, ஒரு காலத்தில் நாடாக்களிலும் பின்னர் வட்டுகளிலும் ஏற்றி, ஒரே இடத்துக்கு அனுப்பி, இரண்டையும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரே அலைமுகப்பு ஒரு நிலையத்தை மற்றதைவிட எவ்வளவு பிந்தி வந்தடைந்தது என்பதே விடை. நிலையங்களுக்கு இடையே பத்தாயிரம் கிலோமீட்டர் என்றால் அந்தத் தாமதம் அதிகபட்சம் 33 மில்லி நொடி. 30 மைக்ரோ விகலை நுட்பம் வேண்டுமென்றால், அந்தத் தாமதத்தை ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஐந்து பங்கு அளவுக்கு அறிய வேண்டும். அதற்குள் ஒளி ஒன்றரை மில்லிமீட்டர் தூரம்தான் போகும். ஒரே ஒரு பதிவு அவ்வளவு துல்லியமாக வருவதில்லை. பல ஆண்டுகளில் சேர்ந்த கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகளை ஒன்றாகப் போட்டுத் தீர்த்த பிறகே அந்த நிலை வருகிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. குவாசாரின் திசையும் தெரியாது, தொலைநோக்கிகளின் இடமும் அந்த நுட்பத்தில் தெரியாது, பூமி அந்தக் கணத்தில் எப்படித் திரும்பியிருந்தது என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் தெரியாதவை என்று வைத்துத் தீர்க்கிறார்கள். கல்லும் ஐயம், சங்கிலியும் ஐயம், நிற்கும் தரையும் ஐயம் என்று சொல்லிக்கொண்டு புலப்படம் வரைவதற்கு என் மேலதிகாரிகள் எவரும் எனக்கு அனுமதி தந்திருக்க மாட்டார்கள்.

வளிமண்டலம்தான் பெரிய தொல்லை. அயனி மண்டலம் ரேடியோ அலையைத் தாமதப்படுத்துவது அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும், ஆகவே 2.3, 8.4 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் பார்த்து அதைக் கழித்துவிடலாம். கீழே உள்ள நீராவிக்கு அந்தத் தந்திரம் செல்லாது. எல்லா அதிர்வெண்ணையும் அது ஒரே அளவில் தாமதப்படுத்துகிறது. மழைக்கு முந்தைய நாள்களில் தியோடலைட்டில் தூரத்துக் கோபுரம் நடுங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும்.

7 ஜனவரி 2024, இரவு
திருத்தம். நிலவில் 5.6 மில்லிமீட்டர் என்று நேற்று எழுதியது தவறு, 5.6 சென்டிமீட்டர் என்பதே சரி. புள்ளியை ஓர் இடம் தள்ளிவிட்டேன். பணியில் இருந்தபோது இப்படி எழுதியிருந்தால் ஒருவருடைய தோப்பு இன்னொருவர் பெயருக்குப் போயிருக்கும்.

10 ஜனவரி 2024
நண்பர் மீண்டும் கேட்கிறார்: "எல்லாமே தெரியாதவை என்றால் விடை எங்கிருந்து வருகிறது?" இதற்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு ஒரு கிணற்றுப் புலத்தின் எல்லைத் தகராறுக்குப் போனேன். புலப்படத்தில் இருந்த ஆறு கற்களும் தரையில் இருந்தன. ஆகவே சிக்கல் இல்லை என்று நினைத்து, வாகான இடத்தில் இருந்த கல்லில் நின்று மற்ற ஐந்தையும் அளந்தேன். ஐந்துமே பொருந்தவில்லை. பகல் முழுவதும் ஐந்து கற்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். மாலையில் என்னோடு வந்த மூத்த சங்கிலிக்காரர் ஒருவர், "ஐயா, அந்த அஞ்சும் தங்களுக்குள்ள ஒத்துப்போகுதான்னு பாருங்க" என்றார். ஒத்துப்போயின. நான் நின்றிருந்த கல்தான் யாரோ உழுதபோது இரண்டடி இடம்பெயர்ந்தது.

வானத்திலும் அதுவே நடக்கிறது. ஒரு குவாசார் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. இரண்டு குவாசார்களுக்கு இடையேயான கோணம் மட்டுமே நேர்மையாக அளக்கத்தக்கது. நூற்றுக்கணக்கான மூலங்களுக்கு இடையேயான கோணங்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இறுகியபின், அந்த வலை முழுவதையும் எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பது மட்டும் மிஞ்சும். அதை இயற்கை சொல்லாது. மனிதர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். 1991-இல் பியூனஸ் அயர்சில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் தொலைதூர மூலங்களுக்கு மாறுவதென முடிவெடுத்தது. 1997-இல் கியோட்டோவில் முதல் பட்டியல் ஏற்கப்பட்டு, 1998 ஜனவரி 1 முதல் எஃப்.கே.5-இன் இடத்தைப் பிடித்தது. அதில் 608 மூலங்கள். அவற்றுள் 212 மட்டுமே அச்சுகளைத் தாங்கும் வரையறு மூலங்கள். மற்றவை பட்டியலில் இருந்தாலும் சாட்சி சொல்ல அழைக்கப்படாதவை.

அச்சுகளைத் திருப்பி வைக்கும்போது பழைய எஃப்.கே.5-இன் திசையோடு அதன் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகும்படி வைத்தார்கள். பழைய பட்டா செல்லும், இனி மேல்முறையீடு மட்டும் புதிய அலுவலகத்தில் என்பது போன்ற ஏற்பாடு.

11 ஜனவரி 2024
கிழக்கு மேற்கு எண்ணிக்கையின் தொடக்கப்புள்ளி, அதாவது வல ஏற்றத்தின் சுழி, எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அது 3சி 273 என்ற குவாசாரிலிருந்து வந்தது. 1962-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் உடன் பணியாற்றியவர்களும், நிலவு அந்த மூலத்தை மறைத்த கணத்தையும் விடுவித்த கணத்தையும் குறித்து அதன் இடத்தைக் கண்டார்கள். நிலவின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரியும். ஆகவே ஒளி அணைந்த நேரமே இடத்தைச் சொல்லிவிடும். அந்த இடத்தை வைத்துத்தான் மார்ட்டன் ஷ்மிட் 1963-இல் அதன் நிறமாலையில் 0.158 செம்பெயர்ச்சியை, அதாவது ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்த அளவை, படித்தார்.

நிலவு மறைப்பு என்றதும் உதகை நினைவுக்கு வருகிறது. கோவிந்த் சொரூப் குழுவினர் 1970-இல் முத்தோரையில் கட்டி முடித்த 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உருளைத் தொலைநோக்கி இந்த வேலைக்காகவே அமைந்தது. அந்த ஊரின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. மலைச்சரிவின் சாய்வும் அதுவே என்பதால், சரிவில் படுத்திருக்கும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஆகவே ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு மூலத்தை மணிக்கணக்கில் தொடரலாம். எண்பதுகளில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, சரிவின் சாய்வைக் கிளினோமீட்டரில் பார்த்து, படித்தது சரிதான் என்று திருப்தி அடைந்தேன். அன்றைக்குச் செய்ய வேண்டிய சாலை அளவை மறுநாளுக்குப் போனது வேறு விஷயம்.

12 ஜனவரி 2024
நேற்றைய குறிப்பை அரைகுறையாக எழுதிவிட்டேன். 3சி 273-இன் வல ஏற்றம் பழைய பட்டியல்களை ஒன்றோடொன்று கட்ட உதவிய முளைக்குச்சி என்பது உண்மை. ஆனால் இப்போதைய சுழி அந்த ஒற்றைப் பொருளில் தொங்கவில்லை. அந்த மரபில் வந்த பட்டியல்களில் உள்ள 23 மூலங்களின் சராசரியில் நிற்கிறது. அதைவிடச் சுவையான செய்தி, புகழ்பெற்ற 3சி 273 வரையறு மூலங்களின் வரிசையிலேயே இல்லை. அதற்குக் காரணம் அதன் அழகு. மிகப் பிரகாசமான தாரை ஒன்று அதிலிருந்து பீறிட்டுக் கிளம்புகிறது. தாரையில் உள்ள முடிச்சுகள் (ஒளிரும் திட்டுகள்) ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லி விகலை நகர்கின்றன. எந்த முடிச்சை அதன் இடம் என்பது? எல்லைக்கல்லுக்குச் சிற்ப வேலைப்பாடு கூடாது.

15 ஜனவரி 2024
மேலே எழுதியதைப் படித்த ஒருவர் என்னைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "ஆறாம் தேதி, ஒரு மைக்ரோ விகலையில் கால் பங்குகூட நகராது என்றீர்கள், பன்னிரண்டாம் தேதி ஆயிரம் மைக்ரோ விகலை என்கிறீர்கள். எது உண்மை?"

இரண்டும் உண்மை, ஆறாம் தேதியின் தன்னம்பிக்கைதான் பொய். ஒட்டுமொத்தப் பொருளின் பயணம் கணக்கில் வராத அளவு சிறியது. ஆனால் நாம் பார்ப்பது பொருளை அன்று, அதன் கருந்துளைக்கு அருகே ரேடியோவில் ஒளிரும் பகுதியை. அது கொப்பளிக்கும், நீளும், புதிய முடிச்சைத் துப்பும். முடிச்சு நம்மை நோக்கி ஒளிவேகத்தை ஒட்டி வரும்போது, தோற்றத்தில் ஒளியையே மிஞ்சும் வேகம் தெரியும். அது கோணத்தால் வரும் மயக்கம். மேலும், தாரையின் அடிப்பகுதி குறைந்த அதிர்வெண்ணில் ஒளிபுகாதது. அதிர்வெண் உயர உயர நாம் காணும் மையம் கருந்துளையை நோக்கி நெருங்குகிறது. ஒரே பொருளுக்கு 8.4 கிகாஹெர்ட்ஸில் ஓர் இடம், 32-இல் சற்றே வேறோர் இடம்.

ஆகவே வரையறு மூலம் என்பது பிறவித் தகுதி அன்று, நன்னடத்தைச் சான்று. 2009-இல் ரியோ டி ஜெனிரோவில் ஏற்கப்பட்ட இரண்டாம் பட்டியலில் 3,414 மூலங்கள் இருந்தன. வரையறு மூலங்கள் 295. அவற்றில் முதல் பட்டியலின் 212 பேரில் 97 பேர் மட்டுமே பதவியில் நீடித்தார்கள். 39 மூலங்கள் நிலையற்றவை என்று தனியே வைக்கப்பட்டு, அவற்றின் இடம் ஒவ்வொரு நாள் அளவீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டது. 2018-இல் வியன்னாவில் ஏற்கப்பட்டு 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள மூன்றாம் பட்டியலில் 4,536 மூலங்களும் 303 வரையறு மூலங்களும் உள்ளன. முதல் பட்டியலில் 250 மைக்ரோ விகலையாக இருந்த பிழைத்தளம் (எவ்வளவு அளந்தாலும் அதற்குக் கீழே குறையாத ஐயம்) இரண்டாவதில் 40 ஆகி, மூன்றாவதில் 30 ஆனது.

இதில் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. நன்னடத்தை உள்ளவர்களை மட்டும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு "சாட்சிகள் அனைவரும் ஒத்துப்போகிறார்கள்" என்பது சுழற்சி வாதம் ஆகாதா? இரண்டு நாள் யோசித்தேன். நான் கண்ட அளவில் விடை இதுதான்: ஒரு மூலம் தன் விருப்பப்படி நகரலாம், ஆனால் முந்நூறு மூலங்கள், வெவ்வேறு திசைகளில், வெவ்வேறு தொலைவுகளில், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே அச்சைச் சுற்றி ஒரே அளவில் திரும்ப வழியில்லை. தனியாள் அசைவைக் களையலாம். கூட்டுச் சுழற்சி இல்லை என்பது மட்டும் எடுகோள். அந்த எடுகோளைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

19 ஜனவரி 2024
பஞ்சாங்கத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா என்ற கேள்வியைத் தவிர்க்கலாம் என்றிருந்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. நிராயன முறை விண்மீனைச் சார்ந்தது. பரவலாகப் புழங்கும் அயனாம்சம் (இளவேனில் சமநாள் புள்ளிக்கும் நிராயனச் சுழிக்கும் இடையேயான கோணம்) சித்திரை விண்மீனை 180 பாகையில் நிறுத்துகிறது. அந்த விண்மீனும் நகர்கிறது: ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒரு விகலை. பாகைக்கணக்கில் பலன் சொல்பவர்களுக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21-க்கு உரிய அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று எண்ணாகவே நிர்ணயித்தது. விண்மீனைக் காட்டித் தொடங்கிய பிறகு எண்ணைப் பிடித்துக்கொள்வது என்ற அந்த வழி, 3சி 273-ஐக் காட்டித் தொடங்கிப் பின்னர் சராசரியைப் பிடித்துக்கொண்டதற்கு உறவுமுறை ஆகிறது. இதற்குமேல் இழுத்தால் ஜாதகம் கேட்பீர்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

27 ஜனவரி 2024
கடந்த வாரம் எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கூட்டாக நகர வழியில்லை என்று அடித்துச் சொன்னேன். ஒரு வகையில் அவை அனைத்தும் கூட்டாகவே நகர்கின்றன.

மழையில் ஓடினால் மழை எதிரிலிருந்து சாய்ந்து வருவது போல, நாம் நகரும்போது ஒளி வரும் திசை சற்றே மாறித் தோன்றும். சூரியக் குடும்பம் பால்வழியின் மையத்தைச் சுற்றுவதால் அந்தச் சாய்வு எப்போதும் இருக்கிறது. மாறாத சாய்வு மூலத்தின் இடத்தோடு கலந்துவிடும், தெரியாது. ஆனால் சுற்றுவதால் நம் திசைவேகம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் வானம் முழுவதிலும் உள்ள குவாசார்கள் பால்வழி மையத்தை நோக்கி மெல்ல வழுக்குவதாகத் தெரிகிறது. மூன்றாம் பட்டியலைக் கட்டியவர்கள் இதற்கு ஆண்டுக்கு 5.8 மைக்ரோ விகலை என்ற மதிப்பைக் கொண்டார்கள். விண்மீன்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் 2020-இல் வெளியான தரவிலிருந்து 5.05 என்று வந்தது. எதுவானாலும் இருபது ஆண்டில் நூறு மைக்ரோ விகலையைத் தொடும். 30 மைக்ரோ விகலைக்குப் பெருமைப்படுபவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

இது சுழற்சி அன்று. எல்லாம் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவது. ஆகவே அச்சுகள் திரும்பவில்லை என்ற எடுகோள் தப்பித்தது. ஆனால் ஒரு பெருமை போய்விட்டது. விண்மீன் பட்டியலுக்குத் தேதி வேண்டும், குவாசார் பட்டியலுக்குத் தேதியே வேண்டாம் என்று சொல்லி வந்தார்கள். மூன்றாம் பட்டியலின் இடங்கள் 2015.0 என்ற தேதிக்கு, அதாவது 2015-இன் தொடக்கத்துக்கு, உரியவை. புலப்படத்தில் அளந்த தேதியைப் போடாத இளைஞர்களை நான் எத்தனை முறை கடிந்திருக்கிறேன் என்பதை நினைத்துக்கொண்டேன்.

2 பிப்ரவரி 2024
"இதனால் எங்களுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்கிறார். கைப்பேசியில் வழி பார்ப்பவர் இதைக் கேட்கலாகாது.

பூமி சீராகச் சுழல்வதில்லை. காற்று, கடல், உள்ளே உள்ள திரவக் கரு ஆகியவை அதை இழுத்தும் தள்ளியும் விடுகின்றன. சுழற்சியில் ஒரு மில்லி நொடி பிசகினால் நிலநடுக்கோட்டில் தரை 46 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களை மட்டும் வைத்து அந்தச் சுழற்சியை நெடுங்காலத்துக்கு அறிய முடியாது. பூமி திரும்பியதா, செயற்கைக்கோள்களின் பாதைத்தளங்கள் ஒட்டுமொத்தமாக எதிர்ப்பக்கம் திரும்பினவா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல இயலாது. வெளியே நிற்கும் ஒரு சாட்சி வேண்டும். அதனால்தான் ஹவாயின் கோக்கி பார்க், ஜெர்மனியின் வெட்செல் போன்ற நிலையங்கள் ஏறத்தாழ நாள்தோறும் ஒரு மணி நேரம் குவாசார்களைப் பார்த்துப் பூமியின் கடிகாரத்தைச் சரிபார்க்கின்றன. இது தவிர வாரத்தில் இரண்டு நாள், திங்களிலும் வியாழனிலும் தொடங்கி, 24 மணி நேர அளவீடும் நடக்கிறது.

ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் ஜி.பி.எஸ். கருவியை முக்காலியில் ஏற்றி நிறுத்திவிட்டு நிழலில் தேநீர் குடித்த எனக்கு, அந்த எண்ணுக்குப் பின்னால் குவாசார் இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் தேநீர் இன்னும் ருசித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், தேநீர் மோசமானது.

3 பிப்ரவரி 2024
கையாவைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டேன் என்ற குறை சரியானது. அந்த விண்கலம் ரேடியோவில் அன்று, கண் காணும் ஒளியில் 16 லட்சம் குவாசார் போன்ற பொருள்களின் இடத்தை அளந்தது. 2022 ஜனவரி 1 முதல் ஒளிக்கு அந்தப் பட்டியலும் ரேடியோவுக்கு மூன்றாம் பட்டியலும் சேர்ந்தே வானக் குறிப்பாயமாகக் கொள்ளப்படுகின்றன. இரண்டுக்கும் பொதுவான பொருள்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுகின்றன. சில விழுவதில்லை, ஒளியில் காணும் இடமும் ரேடியோவில் காணும் இடமும் பிழை எல்லையைத் தாண்டி விலகுகின்றன, அந்த விலகல் பலவற்றில் தாரையின் திசையிலேயே இருக்கிறது. இரண்டு அளவையாளர்கள் இரண்டு விடை கொண்டுவந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக் குறிப்பாணை வரும். இங்கே இருவரும் சரியாக அளந்திருக்கிறார்கள். கல்தான் இரண்டு முகம் காட்டுகிறது.

4 பிப்ரவரி 2024
மூலங்களின் எண்ணிக்கை 4,536 இல்லை, 4,588 என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். இரண்டும் செல்லும். 8.4 கிகாஹெர்ட்ஸில் இடம் காணப்பட்டவை 4,536, 24-இல் 824, 32-இல் 678. உயர் அதிர்வெண்ணில் மட்டும் இடம்பெற்ற சிலவற்றையும் சேர்த்தால் மொத்தம் 4,588. மூன்றிலும் இடம் உள்ளவை 600. பதினைந்தாம் தேதிக் குறிப்பில் 4,536-க்கு முன்னால் "8.4 கிகாஹெர்ட்ஸில்" என்று சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.